பெயர் மாற்றப்பட்டுள்ளது

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் காலத்தில் மோட்டாரும் மேல்தொட்டியும் வந்துவிட்டன. கோவில்பட்டியில் எழுபத்தெட்டாம் வருஷம் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள், சில சமயம் பன்னிரண்டு நாள் ஆகும். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தே வைத்திருப்போம். முதலில் ஒரு இழுப்பு வரும், மூச்சுக்குத் திணறுகிறவர் மாதிரி. பிறகு ஒரு விக்கல். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

உங்கள் கைபேசியில் குழந்தை ஒன்று தொட்டிக்குள் உட்கார்ந்து சிரிக்கிறதே, அந்தப் படத்தைப் பார்த்ததும் அந்தச் சத்தம் கேட்டது. மன்னிக்க வேண்டும், எட்டிப் பார்த்தது தப்புதான். பக்கத்து சீட்டில் வெளிச்சமாக ஒன்று இருந்தால் கண் போய்விடுகிறது. குழந்தைகள் துணிக்கடைக்கு இணையப் பக்கமா? சொந்தக் கடையா? நல்லது. தேடினீர்கள், வந்தது, அழுத்திப் பிடித்து இறக்கிக்கொண்டீர்கள். அது யார் எடுத்த படம்? தெரியாது, இல்லையா?

அப்படிச் செய்யாதீர்கள். தேடினால் வருவதெல்லாம் பொதுச்சொத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தெருக்கொடியில் காயப்போட்ட சேலை தெருவில் போகிறவருக்குச் சொந்தமாகிவிடுமா? படத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. எடுத்தவர். அவர் பணத்துக்குக் கொடுப்பார், சும்மாவும் கொடுப்பார், கொடுக்காமலும் இருப்பார். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட வேண்டும். போட்டால் கீழே அவர் பெயரை எழுத வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் செய்தவளைத்தான் என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?

சாத்தூர் தாண்டவில்லையே இன்னும்? நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நூலகராக இருந்தேன். இந்திராணி மேடம் என்றால் பழைய மாணவிகள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்துவார்கள். யார் எழுதியது, யார் பதிப்பித்தது, எந்த வருஷம், இந்த மூன்றும் தெரியாமல் ஒரு புத்தகத்தை அலமாரியில் ஏற்றியது கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு சம்பளம் வாங்காமல் வேலை செய்ய நிழற்குடைக்குப் போனேன். எங்கள் ஊரில் டாக்டர் எஸ்தர் நடத்துகிற மனநல மையம். அந்தப் பெயரே நான் சொல்லி வைத்ததுதான். யாரும் அதை இப்போது சொல்வதில்லை.

அவர்களுடைய இணையதளத்தை எனக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மனச்சோர்வு என்று ஒரு பக்கம். அதில் ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் கடலே கிடையாது. அந்தப் படத்தின் உரிமைக்காரர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. டாக்டர் எஸ்தர் பயந்துவிட்டார். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இந்தத் தலைவலியை நீங்க எடுத்துக்கோங்க. எனக்கு அழகெல்லாம் வேண்டாம். சட்டப்படி சரியா இருந்தா போதும்."

சட்டப்படி. அவருடைய வார்த்தை அது. நான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து உட்கார்ந்து படித்தேன். அறுபத்திரண்டு வயதில். எந்தப் படத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, வெட்டலாமா, நிறம் மாற்றலாமா, பெயரை எங்கே போட வேண்டும், எல்லாம். சில தளங்கள் இருக்கின்றன. படம் எடுக்கிறவர்களே, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போடுங்கள்" என்று உரிமம் எழுதி அங்கே படங்களை வைத்திருப்பார்கள். பொது உரிமம் என்று பெயர். ஒரு நோட்டுப் போட்டேன். படம், எடுத்தவர், எந்தத் தளம், என்ன உரிமம், நான் எடுத்த தேதி. நூற்றுப்பதினேழு படங்கள் போட்டிருக்கிறேன். ஒரு நோட்டீஸ் வந்தது கிடையாது. அந்த ஒன்றுக்குக்கூட வரவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு வருகிற மனச்சோர்வைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார் டாக்டர். ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதிக் கொடுத்தார். தூக்கமின்மை. பசியின்மை. காரணமற்ற அழுகை. மளிகைச் சிட்டை மாதிரி இருந்தது. இதை எந்தப் பெண் படிப்பாள்? தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று எவளுக்குத் தோன்றும்?

முதலில் படம் தேடினேன். அம்மாவும் பிள்ளையும் என்று தேடினால் வெள்ளை மெத்தை, வெள்ளைத் திரை, வெள்ளைப் பிள்ளை. மூன்று நாள் தேடினேன். நாலாம் நாள் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்தது.

பேருந்து நிலையத்து சிமெண்ட் பெஞ்சு. ஒரு பெண். மடியில் வயர்கூடை, கூடைக்குள்ளிருந்து பால்புட்டியின் மூடி எட்டிப் பார்க்கிறது. கன்னத்தில் கை. கண் படத்துக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. அவ்வளவுதான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இதைவிட அதிகமாக என்னால் சொல்ல முடியாது.

எடுத்தவர் ரத்தினகுமார், கழுகுமலையில் கல்யாண போட்டோகிராபர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் இறங்கித் தனக்குப் பிடித்ததை எடுப்பாராம். பொது உரிமத்தில் போட்டிருந்தார். எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் போன் செய்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா. பேர் மட்டும் போட்ருங்க."

"உங்க பேரை ரத்தினகுமார்னு எழுதணுமா, ரத்னகுமார்னு எழுதணுமா?"

"யாருமே இதைக் கேட்டதில்லம்மா" என்று சந்தோஷப்பட்டார். சிரித்தார்.

அந்தத் தளத்தில் ஆகக் கீழே ஒரு பத்தி உண்டு. படத்தில் இருக்கிறவர்களின் சம்மதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, தேவையென்றால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அதையும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சோப்பு விற்கிறவர்களுக்கும் நகை விற்கிறவர்களுக்கும் எழுதியது அது. நாங்கள் என்ன விற்றோம்?

அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டே எழுதினேன். ஒரு மதியம். சாப்பிடப் போகவில்லை. அந்தப் பெண்ணே பேசுகிற மாதிரி எழுதினேன். இப்போதும் மனப்பாடமாகத் தெரியும், சொல்லட்டுமா?

"என் பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். அன்றைக்குக் குழாயில் காற்று வந்தது. பிள்ளையைத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் பிள்ளை பிழைத்தது. அதற்கு நான் காரணம் இல்லை."

நல்ல வரி, இல்லையா, கடைசி வரி? கல்லூரி மலரில் முப்பது வருஷம் கவிதை எழுதியிருக்கிறேன். இது மாதிரி ஒரு வரி வந்ததில்லை.

கீழே ஒரு பெயர் வேண்டுமே. தேவகி என்று போட்டேன். தேவகி என்று மொட்டையாக நின்றபோது கதை மாதிரி இருந்தது. வாரப் பத்திரிகைகளில் டாக்டர் பக்கம் படிப்பீர்களா? சேலத்தைச் சேர்ந்த முப்பது வயதுப் பெண், அடைப்புக்குறிக்குள் பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று இருக்கும். ஐம்பது வருஷமாகப் படிக்கிறோம், அது இல்லாமல் நமக்கு எதுவும் நிஜமாகத் தோன்றுவதில்லை. நானும் போட்டேன். பெயர் மாற்றப்பட்டுள்ளது. போட்டதும் பக்கத்துக்கு உயிர் வந்துவிட்டது.

டாக்டர் ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தார்.

"யாரு மேடம் இது? நம்ம பேஷண்டா?"

"எழுதினது டாக்டர்."

"அப்படியே நிஜம் மாதிரி இருக்கு." பிறகு சொன்னார்: "படத்துக்குக் கீழ 'மாதிரிப் படம்'னு ஒண்ணு போட்ரலாமா? பேப்பர்ல எல்லாம் போடுவாங்களே."

நான்தான் வேண்டாம் என்றேன். ஒளிக்கவில்லை, சொல்கிறேன். இழவு வீட்டில் நின்றுகொண்டு, இது ஒத்திகைதான் என்று சொல்கிற மாதிரி இருக்கும் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். படத்துக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? "படம்: ரத்தினகுமார், பொது உரிமம்." சட்டம் கேட்டது அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எட்டு மாதத்தில் பதினோரு பெண்கள் வந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து ஒருத்தி, கைபேசியில் அந்தப் பக்கத்தை நீட்டி, "இது மாதிரிதான் எனக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பதினோரு பேரைப் பற்றி அப்புறம் ஒருத்தரும் பேசவில்லை.

சாத்தூரா இது? ஆமாம், சாத்தூர். வெள்ளரிக்காய் வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம், பல் கொள்ளாது.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. அவள் வந்தது ஒரு வியாழக்கிழமை. அவளும் அவள் அம்மாவும். நான் தலை நிமிர்ந்தேன், பெஞ்சில் பார்த்த முகம் எதிரே நிற்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்த முகம்! உட்காரும்மா என்றேன். உட்காரவில்லை.

பெயர் மாரீஸ்வரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் ஆகவில்லை, அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தன்யாஸ்ரீ என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை தனக்கு வேண்டும் என்று அவன் கேஸ் போட்டிருந்தான். அவன் வக்கீல் கொடுத்த காகிதங்களோடு எங்கள் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்க்கவே முடியாது.

"படம் என்னோடதுதான் மேடம்" என்றாள். "மத்தது எதுவும் என்னோடது இல்ல. எம்பிள்ளையை நான் தொட்டியில வச்சேன்னு எழுதிருக்கு."

"அது நீ இல்லம்மா. அது தேவகி."

"பேரு மாத்திருக்குன்னு நீங்களே போட்ருக்கீங்களே."

நான் நோட்டை எடுத்தேன். ரத்தினகுமார் பெயர், தேதி, உரிமம், போன் பேசிய நேரம் எல்லாவற்றையும் காட்டினேன். விரல் வைத்துக் காட்டினேன். அவள் அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மா, போட்டோ எடுத்தவன் பேரு தெரிஞ்சிருக்கு, ஊரு தெரிஞ்சிருக்கு, போன் நம்பர் தெரிஞ்சிருக்கு. போட்டோவுல இருக்கிறவ எவ பெத்த பிள்ளைன்னு கேக்க உங்களுக்கு வாய் வரலயாக்கும்?"

என்ன பேச்சு பாருங்கள். அந்த மேஜைக்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. 

மாரீஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரும்மா." பிறகு என்னிடம் சொன்னாள்: "அது பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்தது, அன்னைக்கு எனக்குப் பல்வலி மேடம். கடவாப்பல்லு. அம்மா பாப்பாவைத் தூக்கிட்டு பஸ் விசாரிக்கப் போயிருந்துச்சு. பல்லைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

பல்வலியாம். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பல்வலியில் யாருக்கும் அப்படி முகம் வராது. நான் பார்த்தது பொய்யாகுமா? சொல்ல வெட்கமாக இருந்திருக்கும், அதனால் பல் என்றாள்.

அன்று மாலையே பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். எடுக்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் கிடையாது. இருந்தும் எடுத்தேன். அதற்கு என்ன நடந்தது? பார்த்தீர்களா, மறைக்கிறார்கள், உண்மை இல்லாவிட்டால் ஏன் எடுக்க வேண்டும் என்று அவன் வக்கீல் கேட்டாராம். டாக்டர் எஸ்தர், மாரீஸ்வரி என்ற பெயரில் எங்களிடம் யாரும் சிகிச்சை பெறவில்லை என்று கடிதம் கொடுத்தார். பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்களே என்றார் வக்கீல். எந்தக் கதவைத் திறந்தாலும் என்னுடைய அந்த இரண்டு வார்த்தைதான் நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் அவளுடைய வக்கீல் என்னிடம் வந்தார். சின்னப் பெண், கோட்டு அவளுக்குப் பெரிதாக இருந்தது. "நீங்க ஒரே ஒரு தடவை கோர்ட்டுக்கு வந்து, நான் எழுதின கற்பனை இதுன்னு சொல்லிட்டா முடிஞ்சிரும் மேடம். அஞ்சு நிமிஷம்" என்றாள்.

அஞ்சு நிமிஷம்.

ஏன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள்? வேலை இருந்தால் பாருங்கள், நான் பேசுகிறபடி பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். கற்பனை என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? சத்தியம் வாங்கிக்கொண்டல்லவா கேட்பார்கள். அது கற்பனை இல்லையே, அம்மா.

எழுபத்தெட்டு, மே மாதம். பாஸ்கருக்கு ஏழு மாதம். பாஸ்கர் என் மகன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், மாமியார் கோயிலுக்கு. காற்று வந்தது, விக்கல் வந்தது. பிறகு அந்த ஒன்றுமில்லாத நேரம். நான் குடம் எடுக்கப் போகவில்லை. மற்றதை எழுதிவிட்டேன், நீங்களும் கேட்டுவிட்டீர்கள். எழுதாதது ஒன்றுதான். பக்கத்து வீட்டு ரெங்கம்மா தண்ணீர் பிடிக்க வந்தவள், பிள்ளையை எடுத்துத் துடைத்து, என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, குழாயை மூடிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கும் சொல்லவும் இல்லை. அவள் செத்து இருபது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இந்த உலகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது நீங்கள். உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள், எனக்கு வேண்டாம். நான் கோவில்பட்டியில் இறங்கிவிடுவேன்.

நாற்பது வருஷம் ஆகியும், எத்தனையோ கவிதை எழுதியும் அதை எழுத முடியவில்லை. ஒரு பெண் பெஞ்சில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள், ஒரே மதியத்தில் எழுதிவிட்டேன். அந்த முகம் இல்லாவிட்டால் அது வந்திருக்காது. அந்த வகையில் அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கோர்ட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கவில்லை. பெங்களூரிலிருந்து பாஸ்கர் வந்தான். "இந்த வயசுல நீ தனியா கோர்ட் படி ஏறுவியாம்மா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று லீவு போட்டுவிட்டு வந்தான். வேண்டாம் என்று நாலு தடவை சொன்னேன். பிளாஸ்கில் காப்பி, முதுகுக்கு ஒரு தலையணை, எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தான். நான் கூண்டிலிருந்து பார்த்தால் நீதிபதி தெரிவார், அவருக்கு இந்தப் பக்கம் மாரீஸ்வரி, அந்தப் பக்கம் திறந்த கதவு, கதவில் பாஸ்கர்.

அவளுடைய வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். படம் எங்கே எடுத்தேன், என்ன உரிமம், யார் பெயர் போட்டேன். நோட்டைக் கொண்டு போயிருந்தேன். நீதிபதி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நல்லா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க" என்றார். அதைச் சொல்ல வேண்டும், சொன்னார்.

பிறகு புருஷன் பக்கத்து வக்கீல் எழுந்தார். நல்ல தமிழ் பேசினார்.

"இதை எழுதியது நீங்கள்தானா அம்மா?"

"ஆமாம்."

"குழந்தையைத் தொட்டியில் வைத்தது, உள்ளே போய்ப் படுத்தது, இதெல்லாம் உங்கள் கற்பனையா?"

நான் கதவைப் பார்த்தேன். பாஸ்கர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நாக்கு வறண்டிருக்குமே அம்மாவுக்கு என்று நினைத்திருப்பான்.

"அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். கற்பனையா, உண்மையா?"

"ஒரு பெண் சொன்னது" என்றேன்.

"உண்மையில் நடந்ததா?"

"நடந்தது."

"யார் அந்தப் பெண்?"

"சொல்ல முடியாது."

"இந்தக் கோர்ட்டில் இருக்கிறாரா?"

நான் பேசவில்லை. அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்ன வக்கீல் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்கிறேனே, என் கல்லூரியில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மறுபடியும் எழுந்து, "மேடம், அந்தப் பெண் மாரீஸ்வரி இல்லன்னாவது சொல்லுங்க" என்றாள். மாரீஸ்வரி இல்லை என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "அப்படின்னா யாருன்னு சொன்னாத்தானே மேடம் நம்புவாங்க?" என்றாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மாரீஸ்வரி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல். படத்தில் அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னேனே, அது எவ்வளவோ பரவாயில்லை.

அந்தக் கூண்டில் நான் ஒரு பொய் சொல்லவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் சொன்னதுதானே? நடந்ததுதானே? வெளியே வந்ததும் பாஸ்கர் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ஒரு பேஷண்டோட ரகசியத்தைக் காப்பாத்தின பாரு, நீ பெரிய ஆளும்மா" என்றான். தோளில் கை போட்டுக்கொண்டு படியிறக்கினான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னதை என் இடுப்பில் வைத்துவிட்டு, பாத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு அவனும் மருமகளும் கடைக்குப் போவார்கள். இப்போதுகூட ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டுத்தான் வருகிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் எதை எடுத்து யாரிடம் கொடுத்திருக்க வேண்டும், சொல்லுங்கள்?

ஜன்னலைத் திறக்கிறீர்களா? சரி.

தீர்ப்பில் பல காரணம் இருந்தது. அவள் வேலை நேரம், அவன் வீட்டில் அக்கா இருப்பது, பள்ளிக்கூடம், இன்னும் என்னவெல்லாமோ. எங்கள் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி. வாங்கிப் படித்தேன். மையத்தின் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. என்னை "ஒரு தன்னார்வலர்" என்று போட்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் டாக்டர் எஸ்தர் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மேடம், இனிமே வெப்சைட்டை வேற ஆள் பாத்துக்கட்டும். உங்களுக்கும் வயசாகுது."

"நான் செய்ததில் சட்டப்படி எது தப்பு, டாக்டர்?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். "ஒண்ணுமே இல்ல."

என் பத்தியை எடுத்துவிட்டு அவருடைய மளிகைச் சிட்டையைப் போட்டார்கள். தூக்கமின்மை, பசியின்மை. மேலே ஒரு தாமரைப்பூ. அந்தப் பூவை யார் வரைந்தது என்று போடவில்லை, பாருங்கள்! நான் போன் செய்து சொன்னேன். எடுத்தவள் வைத்துவிட்டாள். ரத்தினகுமார் ஒரு செய்தி அனுப்பினார், இனிமேல் என் படம் எதையும் எடுக்க வேண்டாம் என்று. ஒருமுறை கொடுத்த பொது உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று வருஷம், நூற்றுப்பதினேழு படங்கள். நன்றி என்று ஒரு வார்த்தை ஒருத்தர் சொல்லவில்லை.

கோவில்பட்டி ஊருக்குள் போகிற பஸ்ஸா இது, பைபாஸிலேயே போய்விடுமா? ஊருக்குள் போகும், நல்லது. பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்.

நீங்கள் அந்தப் படத்தை அழித்துவிட்டு, பொது உரிமத் தளம் ஒன்றில் தேடுங்கள். குழந்தைகள் படம் நிறையக் கிடைக்கும். கீழே எடுத்தவர் பெயரைப் போட மறந்துவிடாதீர்கள். அது இருந்தால் யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் குழந்தையா? அதைத்தான் கேட்கிறீர்களா?

திருப்பூரில் இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் மாரீஸ்வரி பார்க்கலாம். போன ஜூனில் அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். படிவத்தில் தாய் என்று இருக்கிற இடத்தில் அத்தை கையெழுத்துப் போட்டாள்.